அம்மைத் தழும்பில்லாத மார்சியால்

பாரிஸில், லா ஷப்பலில் நான் வேலை பார்க்கும் அச்சுக்கடையில் இறந்தவர்களுக்குக் கோட் போட்டுவிடுவோம்.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிப்பார்கள். வாழ்க்கை வரலாறு, தேவாரம், உறவினர் பெயர்கள், முன் அட்டையில் படம். பலரிடம் நல்ல படம் இருக்காது. சாரம் கட்டி வயலில் நிற்கும் படத்தையோ, கல்யாண வீட்டில் பாதி முகம் தெரியும் படத்தையோ கொண்டுவருவார்கள். நான் கழுத்துவரை வெட்டி, கணினியில் இருக்கும் கோட்டையும் டையையும் பொருத்துவேன். சுருக்கங்களைக் குறைப்பேன். பின்னால் நீல வானம் வைப்பேன். குடும்பத்தார் வந்து பார்த்து, "அப்பா மாதிரியே இருக்கு" என்று அழுவார்கள். கோட் போட்ட அப்பாவை அவர்கள் ஒரு நாளும் பார்த்திருக்கமாட்டார்கள்.

என் மனைவி ஸ்டெஃபானி மாசி மாதம் இறந்தாள். நிணநீர்ப் புற்றுநோய். வயது முப்பத்தொன்று. முதலாளி தவரத்தினம் அண்ணை, "தம்பி, மலர் நாங்களே போடுவம்" என்றார். அவள் வீட்டார் கத்தோலிக்கர், அந்த வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை. அதற்காக அவரைப் பிடிக்கும்.

இந்தக் கதை ஸ்டெஃபானியின் பெரியப்பா இஞ்ஞாசியையும் ஒரு படத்தையும் பற்றியது.

இஞ்ஞாசி மாமா புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். மார்சியால் குடும்பச் சங்கத்தின் தலைவர். அந்த வார ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் எல்லோரும் கூடுவதாக இருந்தது. பூசை, சாப்பாடு, பிறகு மூதாதை டாக்டர் சவரிராயன் மார்சியாலின் படத்துக்கு மாலை. அப்போது கொடுக்க ஒரு புத்தகம். புத்தகத்தை எழுதியது ஸ்டெஃபானி. சென் தெனி பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள். பிரெஞ்சில் எழுதினாள். புத்தகத்துக்காக அதைத் தமிழில் நான் மொழிபெயர்த்தேன். கடைசி நான்கு மாதமும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். வேறு எதைப் பற்றிப் பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை மாமா படத்தைச் சட்டத்தோடு ஒரு போர்வையில் சுற்றி மெத்ரோவில் கொண்டுவந்தார். மேசைமேல் வைத்து, போர்வையை விலக்கினார்.

"வுவாலா, இதோ. அட்டைக்கு இது."

நாற்காலியில் ஓர் ஆள். தலைப்பாகை, பிரெஞ்சுக் கோட், மார்பில் பதக்கம். வழவழப்பான, கொழுத்த, திருப்தியான முகம்.

"மாமா, இந்தப் படம் வேண்டாம்னு ஏற்கெனவே பேசியாச்சு" என்றேன்.

"நீ பேசின. நான் கேட்டுக்கிட்டிருந்தேன். ஒத்துக்கலையே."

படத்தில் இருப்பவர் டாக்டர் இல்லை. இதைச் சொல்ல டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

சவரிராயன் நல்லேரிப்பாக்கத்தில் பிறந்தார். புதுச்சேரியிலிருந்து மாட்டுவண்டியில் அரை நாள் தூரம். சின்ன வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தார். முகம் முழுக்கக் குழி விழுந்தது. அம்மை குத்தும் வேலையில் சேர்ந்தார். இந்த முகத்தைக் காட்டியே ஜனங்களை ஊசிக்குச் சம்மதிக்கவைத்தார் என்று ஸ்டெஃபானி எழுதியிருந்தாள். பிறகு மருத்துவம் படித்தார். முழு டாக்டர் பட்டம் இல்லை, அதற்கு ஒரு படி கீழே. ஊரில் டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். இன்னும் பழக்கமானவர்கள் அம்மைத்தழும்பு டாக்டர் என்றார்கள். ஒரு மட்டக்குதிரையில் சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் போனார். இருபது வருடம்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் வாந்திபேதி வந்தது. நோயாளிகளைப் படுக்கவைக்க இடம் இல்லை. கோயில் மண்டபத்தில் விடமாட்டார்கள். மாட்டுக்கொட்டகையில் படுக்கவைத்தார். நான்கு கட்டில் போட்ட ஒரு வைத்தியசாலை வேண்டும் என்று அரசுக்கு எழுதினார். பதில் இல்லை. திரும்ப எழுதினார். சபையில் கேட்டால்தான் நடக்கும் என்று யாரோ சொன்னார்கள். அப்போது புதுச்சேரிக்கு ஒரு சட்டசபை இருந்தது. தேர்தல் நடந்தது. அதில் நிற்பதற்காகப் பழைய குலவழக்கத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பதாகப் பதிவு செய்துகொண்டார். அப்படித் துறப்பவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ளவேண்டும். பிரெஞ்சுப் பெயர் என்றால் மதிப்பு. அவர் மார்சியால் என்று எடுத்துக்கொண்டார்.

அதே மாதத்தில் புதுச்சேரி நெல் வியாபாரி ஒருவரும் மார்சியால் என்றே எடுத்துக்கொண்டார். சூசை மார்சியால். இருவருக்கும் எந்த உறவும் இல்லை. இருவரும் சபைக்குத் தேர்வானார்கள்.

டாக்டர் சபையில் ஒவ்வொரு கூட்டத்திலும் வைத்தியசாலையைக் கேட்டார். வரவுசெலவுக் குழுவின் தலைவர் சூசை மார்சியால். அவர் சொன்ன பதிலை ஸ்டெஃபானி அப்படியே எடுத்து எழுதியிருந்தாள்: "அந்த ஊருக்குத்தான் ஏற்கெனவே ஒரு மருத்துவர் இருக்கிறாரே." சபை சிரித்தது. அந்த மருத்துவர் அப்போது ஊரில் இல்லை. சபையில், அவருக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வருடமும் அதே கேள்வி. அதே பதில். மூன்றாவது வருடம் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது நல்லேரிப்பாக்கத்தில் வாந்திபேதி. செய்தி வந்து அவர் போவதற்குள் தெருத் தெருவாகப் பிணம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய மனைவியும் அந்த வாரம் இறந்தார். ஸ்டெஃபானி அதை ஒரே வரியில் எழுதியிருந்தாள். அது போதாது, இன்னும் கொஞ்சம் எழுது என்று நான் முன்பு அவளிடம் சொன்னேன். இப்போது அந்த வரி போதும் என்று தோன்றுகிறது.

அவர் திரும்பவும் சபைக்குப் போனார். திரும்பவும் கேட்டார். பதவிக்காலம் முடிந்ததும் ஊருக்குப் போய்ப் பழையபடி வைத்தியம் பார்த்தார். வாந்திபேதி வந்தபோது ஊரில் இல்லாதவர் என்று, முன்னைப்போல் ஜனங்கள் வரவில்லை. வைத்தியசாலை கட்டப்படவே இல்லை. சபைப் பேச்சுகள் அச்சாகி, தெற்குப் பிரான்சில் எக்ஸ் என்ற நகரத்து ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. ஸ்டெஃபானி முதல் சிகிச்சைக்கும் இரண்டாவது சிகிச்சைக்கும் நடுவில், தலையில் துணி கட்டிக்கொண்டு ரயிலில் போய் அவற்றைப் படித்தாள். அங்கேதான் இந்தப் படத்தையும் பார்த்தாள். இதே நாற்காலி, இதே பதக்கம். கீழே சூசை மார்சியால் என்று அச்சிட்டிருந்தது.

நூறு வருடமாக அந்தக் குடும்பம் தங்கள் டாக்டரைத் தோற்கடித்தவருக்கு மாலை போட்டு வந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவள் சிரித்தாள். அதிகம் சிரித்தால் இருமல் வரும். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்தையும் போடு. ஆனா அந்த ஆள என் எழுத்து மேல ஒட்டிடாத" என்றாள்.

சரி என்றேன்.

"அச்சுல பேரு மாறிப் போயிருக்கும்" என்றார் இஞ்ஞாசி மாமா. "ரெண்டு மார்சியால். பிரிண்டருக்கு என்ன தெரியும்? மாத்திப் போட்டுட்டான்."

"முகத்துல ஒரு தழும்புகூட இல்லையே மாமா."

"ஸ்டூடியோவுல சரி பண்ணியிருப்பான். அப்பவே உண்டு. நீ இங்க என்ன வேலை பார்க்குற? போன தடவை வந்தப்ப ஒரு கிழவருக்கு டை கட்டிக்கிட்டிருந்தே. இன்னும் நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் வந்து, இது எங்க தாத்தா இல்ல, அவர் டை கட்டமாட்டாருன்னு சொன்னா?"

அது மோசமான வாதம் இல்லை என்பதுதான் எரிச்சல்.

"ஸ்டெஃபானி சொன்னது..."

"அவ எங்க வீட்டுப் பொண்ணு மாப்ள. என் தம்பி மக. எனக்குத் தெரியாதா? உடம்பு முடியாத நேரம். கண்ணு தெளிவா இருந்திருக்காது."

நான் எழுந்து போய் இயந்திரத்துக்குக் காகிதம் வைத்தேன். காகிதம் ஏற்கெனவே இருந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன்.

தவரத்தினம் அண்ணை உள்ளேயிருந்து தேநீரோடு வந்தார். அவர் மூன்று நாளாக இந்தச் சண்டையைத் தொலைபேசியில் ஒரு பக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். படத்தைக் குனிந்து பார்த்தார்.

"நல்ல படம். உவர்தானோ டொக்டர்?"

"ஆமா" என்றார் மாமா.

"இல்லை" என்றேன் நான்.

"இப்ப என்ன பிரச்சினை? அம்மைத் தழும்பு இல்லையெண்டதோ?" அண்ணை மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "உதுக்கே இவ்வளவு கதை? தழும்பைப் போட்டுவிட்டாச் சரிதானே. பத்து நிமிச வேலை."

நாங்கள் இருவரும் அவரைப் பார்த்தோம்.

"என்ன பாக்கிறியள்? பருவை எடுக்கிறம், பல்லு வைக்கிறம். போன கிழமை ஒரு மனுசிக்குத் தாலிக்கொடி போட்டனாங்கள், படத்திலை அவிட்டு வைச்சிருந்தவ எண்டு. தழும்பு போடேலாதோ?"

மாமாவின் முகம் மலர்ந்தது. "முடியுமா மாப்ள?"

"அண்ணை, ஆளே வேற. தழும்பு போட்டா ஆள் மாறிடுவாரா?"

"தம்பி, ஆளை ஆர் கண்டது? தழும்பைத்தான் சனத்துக்குத் தெரியும்."

மாமா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். குரலைத் தணித்தார்.

"இத பாரு. நான் ஒண்ணு விட்டுக்கொடுக்கறேன். அவர் ஆஸ்பத்திரி கட்டினார்னு ஒரு வரி சேர்க்கச் சொன்னேன் இல்ல? வேணாம். அவ எழுதினபடியே போகட்டும். ஒரு எழுத்தும் தொடமாட்டேன். சூசை மார்சியால் கதையெல்லாம்கூட இருக்கட்டும். அட்டையில அவ பேரு போடு, பெருசா. ஆனா படம் இருக்கணும். படம் இல்லாம ஞாயித்துக்கிழமை எதுக்கு மாலை போடுவேன்? சுவத்துக்கா?"

"படம் பத்தின பாராவும் இருக்கட்டுமா? இந்தப் படம் அவருடையது இல்லைன்னு அவ எழுதியிருக்கா."

"அதை மட்டும் எடுத்துடு. ஒரு பாரா. இருபத்தாறு பக்கத்துல ஒரு பாரா மாப்ள."

அவள் கேட்டது இரண்டு. எல்லாம் அச்சாக வேண்டும். அந்த ஆள் மேலே இருக்கக்கூடாது. ஒன்றைக் கொடுத்தால் மற்றது கிடைக்கும் போல இருந்தது. எழுத்துதான் முக்கியம், படம் அட்டைதானே என்று கணக்குப் போட்டேன். மாசியிலிருந்து எந்த முடிவையும் நான் இப்படித்தான் எடுக்கிறேன். எது சீக்கிரம் முடியுமோ அது.

"சரி மாமா" என்றேன்.

மாலை வேலை குறைந்ததும் உட்கார்ந்தேன். அம்மைத் தழும்பின் படங்கள் இணையத்தில் நிறைய இருந்தன. குழியின் ஒரு விளிம்பில் வெளிச்சம், மறு விளிம்பில் நிழல். படத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தது. அதற்கேற்ப வைத்தேன். கன்னத்தில் நெருக்கமாக, நெற்றியில் தள்ளித்தள்ளி, மூக்கு நுனியில் இரண்டு. பத்து நிமிட வேலை இல்லை. எனக்கு இந்த வேலை நன்றாக வரும். அதுவே தொல்லை.

தழும்பு விழ விழ முகம் மாறியது. திருப்தி குறைந்தது. கண்கள் களைத்துப்போனவை மாதிரித் தெரிந்தன. நான் கண்களைத் தொடவில்லை. கடைசியில் திரையில் இருந்தவர் வெயிலில் குதிரையேறிப் போகக்கூடியவராக, மாட்டுக்கொட்டகையில் குனிந்து நிற்கக்கூடியவராக இருந்தார். நான் இத்தனை மாதம் மனதில் வைத்திருந்த டாக்டர். பதக்கம் மட்டும் உறுத்தியது. அதை அழிக்கவில்லை.

மறுநாள் காலை மாமா வந்தார். கூடவே அவருடைய அக்கா ஜெர்மேன். எண்பதைத் தாண்டியவர், புறநகரில், ஒபர்வில்லியேயில் மகளோடு இருக்கிறார். அட்டையைக் காகிதத்தில் அச்செடுத்து மேசையில் வைத்தேன். மேலே டாக்டர் சவரிராயன் மார்சியால் என்ற தலைப்பு. நடுவில் படம். கீழே ஸ்டெஃபானியின் பெயர்.

ஜெர்மேன் அத்தை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"தழும்பு எவ்வளவு தெளிவாத் தெரியுது! வீட்டுல இருக்கறதுல தெரியவே இல்லையேடா."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இருந்திருக்கு" என்றார். "நான்தான் சொன்னேனே. இருந்திருக்கு. அழுக்கு ஏறி மறைஞ்சு கிடந்திருக்கு. சுத்தம் பண்ணினதும் வந்துடுச்சு பாருங்கக்கா."

கேலி செய்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை. கண் கலங்கியிருந்தது.

"மாமா, நேத்து நான் போட்டது அது. நீங்கதான் போடச் சொன்னீங்க."

"ஆமா, ஆமா. நீதான் எடுத்துக் கொடுத்தே."

"எடுத்துக் கொடுக்கல. போட்டேன். ஒவ்வொண்ணா."

"வேலைன்னா இது வேலை" என்றார் ஜெர்மேன் அத்தை, என் தோளைத் தட்டி. "இனிமே ஸ்டெஃபானி சொன்னாளேன்னு எவனும் வாயத் திறக்கமாட்டான். பாவம் அந்தப் புள்ள. அது பார்க்கக் கொடுத்துவைக்கல."

அட்டையைப் பார்த்தேன். அந்த முகமும் அதன்கீழ் அவள் பெயரும். அவள் பொய்யென்று கண்டுபிடித்த ஒன்றை உண்மையாக்கிக் கொடுத்தது நான். அதற்கு அவளையே கையெழுத்துப் போட வைத்ததும் நான். நேற்றுவரை அது சந்தேகத்துக்குரிய படம். பார்த்தவர்கள் யாராவது ஒருவர், தழும்பு எங்கே என்று கேட்டிருப்பார்கள். இனி கேட்கமாட்டார்கள்.

கணினியில் கோப்பைத் திறந்தேன். முதலில் அவள் பெயரை அழித்தேன். பிறகு ஐந்தாம் பக்கத்திலிருந்து முப்பதாம் பக்கம்வரை தெரிவுசெய்து நீக்கினேன்.

"என்ன பண்ணுற?" என்றார் மாமா.

"படத்தை நீங்க வெச்சுக்கோங்க. எழுத்தை நான் எடுத்துக்கறேன்."

"விளையாடாத. ஞாயித்துக்கிழமை விழா."

"படம் இருக்கு. மாலை போடலாம்."

"புத்தகத்துல என்ன இருக்கும்?"

"உங்க வாழ்த்துரை இருக்கு. நகரசபை உறுப்பினர் வாழ்த்துரை இருக்கு. பாதர் ஆசியுரை இருக்கு. இன்னும் நாலு பேர்கிட்ட கேளுங்க, கொடுப்பாங்க."

மாமா எழுந்து நின்றார். "அது எங்க குடும்பத்துக் கதை. எங்க கொள்ளுத்தாத்தா. நீ காரைக்கால்லேருந்து நேத்து வந்தவன். எடுக்க நீ யாரு?"

"எழுதினவளோட புருஷன்."

"அவளே போயிட்டா" என்றார். சொன்னவுடன் வாயை மூடிக்கொண்டார். ஜெர்மேன் அத்தை, "இஞ்ஞாசி!" என்று அதட்டினார்.

வெளியே ஒருவன் மாம்பழப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு, வழி விடும்படி கத்திக்கொண்டு போனான்.

"மாப்ள," என்றார் மாமா கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "எங்கப்பா சாகறப்ப இந்தப் படத்தைக் கட்டிலுக்கு எதிர்ல மாட்டச் சொன்னார். பார்த்துக்கிட்டே போனார். அவர் யாரைப் பார்த்தார்னு சொல்றே? எவனோ ஒரு நெல் வியாபாரியையா?"

ஆம் என்பதுதான் பதில். சொல்லவில்லை.

"பாராவைத் திரும்பப் போட்டா, படத்தை எடுத்தா, எழுத்தைத் தர்றேன்" என்றேன்.

அவர் படத்தைப் போர்வையில் சுற்றினார். மூலைகளை ஒவ்வொன்றாக மடித்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார். என்னிடம் பேசவில்லை. தவரத்தினம் அண்ணையிடம் பேசினார்.

"வாழ்த்துரையெல்லாம் சாயந்திரம் அனுப்பறேன். அட்டை இப்படியே இருக்கட்டும்."

"ஓம் ஐயா" என்றார் அண்ணை.

அவர்கள் போனபின் அண்ணை என் மேசையில் சாய்ந்து நின்றார். "உமக்கு விசரே தம்பி? அந்தப் பிள்ளை செத்துக்கொண்டு கிடந்து எழுதினது. ஒரு படத்துக்காக எல்லாத்தையும் உருவிப்போட்டீர். இப்ப அதை ஒரு சனமும் வாசிக்காது."

"தெரியும் அண்ணை."

"அவையள் வைச்சிருந்தாலும் வாசிச்சிருப்பினம் எண்டு சொல்லேலாது. ஆனா பேரனோ பூட்டனோ, எவனாவது ஒருத்தன் எடுத்துப் பாத்திருப்பான்."

அதுவும் தெரியும். அதைத்தான் முந்தின இரவே யோசித்திருக்கவேண்டும். அட்டையைப் பார்த்த பிறகுதான் யோசித்தேன்.

மாலையில் வாழ்த்துரைகள் வந்தன. கேட்டதற்கும் மேலேயே வந்தன. ஒவ்வொருவரும் டாக்டரின் தன்னலமற்ற சேவையைப் புகழ்ந்திருந்தார்கள். இருவர், அவர் கட்டிய ஆஸ்பத்திரியைக் குறிப்பிட்டிருந்தார்கள். பக்கங்களை நிரப்பினேன். பிழை திருத்தினேன். ஆஸ்பத்திரியைத் திருத்தவில்லை, அது என் வேலை இல்லை. வியாழன் முழுவதும் அட்டை ஓடியது. இயந்திரம் முகத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. நான் அடுக்கிக் கட்டினேன்.

வெள்ளி மதியம் கடையில் கூட்டம் இல்லை. கோப்பிலிருந்து எடுத்த பக்கங்களைத் தனிக் கோப்பாக வைத்திருந்தேன். அந்தப் பாரா உட்பட. அண்ணையிடம் அனுமதி கேட்டேன்.

"கேக்கவும் வேணுமோ? அடியும்." அலமாரியைத் திறந்து பார்த்தார். "அட்டைக்கு என்ன?"

"வெறும் அட்டை. படம் வேண்டாம்."

"பேராவது?"

"அவர் பேர். கீழ அவ பேர்."

மங்கலான பழுப்பு நிறத்தில் கெட்டித்தாள் எடுத்துக் கொடுத்தார். இயந்திரத்தின் முன்னால் போய் நின்று பொத்தான்களைத் தானே அழுத்தினார். எண்ணிக்கை கேட்கும் இடத்தில் விரல் நின்றது.

"எத்தினை தம்பி?"

யோசித்தேன். எனக்கு ஒன்று. பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் பாடம் எடுத்த அம்மாளுக்கு ஒன்று கொடுக்கலாம், அவருக்குத் தமிழ் தெரியாது. அவளுடைய அம்மா அப்பா உயிரோடு இல்லை. நல்லேரிப்பாக்கத்தில் யாரையும் எனக்குத் தெரியாது. மார்சியால் குடும்பத்தில் இனி யாரும் என் கையிலிருந்து எதையும் வாங்கமாட்டார்கள்.

"சொல்லுமன். எத்தினை?"

இயந்திரம் சூடேறிக் காத்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.